மாமியா மலைக்கு மூணாவது ஆள்

மே 11, ஞாயிறு

ஆத்திரத்துல பேனாவ எடுத்திருக்கேன். இவுகளுக்கு ஆபீஸ்ல குடுத்த டைரி, ஒரு பக்கம்கூட எழுதாம அலமாரில கெடந்துச்சு. யார்கிட்டயாவது கொட்டணும். இவுககிட்ட சொன்னா சிரிப்பாக. அதான் இதுல எழுதுதேன்.

மாமியா மலைக்கு இந்த வருசம் கண்டிப்பா போயிருவோம்னு பவளமும் நானும் பனி கொட்டுற காலத்துலயே பேசி வச்சிருந்தோம். இன்னைக்கு நாள் குறிக்கலாம்னு மேப்பத் தூக்கிக்கிட்டு அவ வீட்டுக்குப் போறேன், அடுப்படில சன்னலோரத்து நாற்காலில ஒருத்தி உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கா. அது என் நாற்காலி. சீமைல இருக்குற இந்த இன்வெர்னஸ் ஊருக்கு நாங்க ரெண்டு பேரும் நர்ஸ் வேலைக்கு வந்து பதினோரு வருசம் ஆகுது. அன்னையில இருந்து அதுல நான்தான் உக்காருவேன். பவளம் புருசன்கூட அதுல உக்கார மாட்டாரு.

"ஏட்டி, இது சிந்துஜா. கோபிச்செட்டிபாளையத்துப் பிள்ள. நம்ம ஆஸ்பத்திரிலதான், எக்ஸ்ரேல இருக்கா. அவளும் நம்ம கூட மலைக்கு வாரா"ன்னா பவளம்.

வரட்டுமான்னு கேக்கல. வாரான்னு சொல்லுதா.

அந்தப் பொண்ணு எந்திரிச்சு, "வாங்க்கா, உக்காருங்க்கா"ன்னு என் நாற்காலிய எனக்கே குடுக்குது. வேண்டாம்னு நின்னுக்கிட்டே காப்பி குடிச்சேன்.

மாமியா மலைன்னா என்னன்னு எழுதி வைக்கணும், நாளைக்கு நானே மறந்துருவேன். போர்டுல பென் ஊரல்னு போட்டிருக்கும். இந்த ஊர்க்காரங்க பழைய பாஷைல பென்னுன்னா மலையாம். நாங்க பாக்குற போதெல்லாம் மேகத்த முக்காடா இழுத்துப் போட்டுக்கிட்டு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்ததால அந்தப் பேரு. ரொம்பத் தள்ளி இருக்கு. ஒத்தையடித் தார்ரோடு போயிப் போயி ஒரு ஆத்தோரத்துல முடிஞ்சு போகும். அதுக்கு மேல வீடு கெடையாது, கடை கெடையாது, போன்ல கோடு விழாது. ஏறி எறங்க பகல் முழுக்க வேணும். ஒவ்வொரு வருசமும் ஏதாவது ஒண்ணு வந்து தட்டிப் போயிரும்.

இதுவரைக்கும் ஏறின மலையெல்லாம் நாங்க ரெண்டு பேருதான். உச்சில கல்லக் குமிச்சு வச்சிருப்பாங்கல்ல, முந்திப் போறவ அதத் தொடக் கூடாது. பின்னால வாரவளுக்கு நிக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரத்துல கை வைக்கணும். இதுக்கு நடுவுல மூணாவது கை எதுக்கு?

மே 18, ஞாயிறு

பயமுறுத்திப் பாத்தேன். ஆஸ்பத்திரி கேன்டீன்ல சிந்துஜாவ உக்கார வச்சு, சேறு இடுப்பு வரைக்கும் உள்ள இழுக்கும், கடிச்சுப் பிடுங்குற கொசுப்பூச்சி கண்ணுக்குள்ள போயிரும், புல்லுல இருக்குற உண்ணி ஒட்டினா காய்ச்சல்ல கொண்டு விடும், காத்து ஆளையே தூக்கும்னு ஒண்ணையும் விடல. பாதி நெசம், பாதி நம்ம கைச்சரக்கு.

எல்லாத்தையும் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டு, "ஏனுங்க்கா, அப்ப உண்ணிய எடுக்கறதுக்கு என்ன வாங்கி வெச்சுக்கோணும்?"னு கேக்கா.

மூஞ்சி வெளுத்துத்தான் போச்சு. ஆனா வரலேன்னு சொல்லல. அழுத்தக்காரி.

மே 25, ஞாயிறு

பவளம் வீட்டுல படுக்கைய மாடி ரூம்ல இருந்து கீழ் ரூமுக்கு மாத்திட்டா. கட்டில் தூக்க, பிரிக்க, மாட்ட எல்லாம் அந்தச் சிந்துஜாதான் போயிருக்கா. எனக்கு ஒரு போன் இல்ல. கேட்டா, "நீ டூட்டி முடிச்சு அலுத்து வருவ, எதுக்கு உன்னயத் தொந்தரவு பண்ணணும்"ங்கா. பதினோரு வருசத்துல அவ என்னயத் தொந்தரவு பண்ணாத நாளு எது? அவ மகன் படிக்கப் போனப்போ பெட்டி கட்டினது யாரு? அம்பாசமுத்திரத்துல இருந்து அவ அப்பா தவறின செய்தி வந்தப்போ, அவள மடில போட்டுக்கிட்டு விடிய விடிய இருந்தது யாரு?

இவுககிட்ட சொன்னேன். பேப்பர்ல இருந்து தலையெடுக்காமலே, "உனக்குச் சக்களத்தி வந்துட்டா போல"ன்னாக. இனிமே இவுககிட்ட எதையும் சொல்லப் போறதில்ல.

ஜூன் 1, ஞாயிறு

செண்பகம் அக்கா வீட்டுல பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேசம். எல்லாரும் கீழ ஜமுக்காளத்துல சம்மணம் போட்டு இலைல சாப்பிடுதோம். பவளம் மட்டும் மகாராணி மாதிரி நாற்காலில. பக்கத்து நாற்காலில அவ. ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேச்சு.

பந்தில என் பக்கத்துல எடம் பிடிச்சு துண்டு போட்டு வச்சிருந்தேன். கடைசி வரைக்கும் காலியாவே கெடந்துச்சு. பாயாசம் ருசிக்கல.

ஜூன் 7, சனி

அவ அரிசிம்பருப்புச் சாதம்னு ஒண்ணு செஞ்சு பவளத்துக்குக் குடுத்து விட்டிருக்கா. பவளம் எனக்கு போன் பண்ணி, "ஏட்டி, என்ன ருசிங்கே! மலைக்கு இதையே கட்டிக்கிட்டுப் போவோமா?"ன்னு கேக்கா.

மலைக்கு எப்பவும் என் புளிச்சோறு. எப்பவும்!

ஜூன் 15, ஞாயிறு

மேப் படிக்கச் சொல்லிக் குடுன்னு பவளம் நச்சரிச்சதால அந்தப் பொண்ண வீட்டுக்குக் கூப்பிட்டேன். சொல்லிக் குடுத்த மாதிரியும் இருக்கணும், அவளுக்குப் புரியாத மாதிரியும் இருக்கணும்னு பழுப்புக் கோடு, நெருக்கமான கோடு, காம்பஸ்ஸு, வடக்குன்னு வேகவேகமா ஒப்பிச்சேன்.

ஒரு தடவைதான் சொன்னேன். பிடிச்சுக்கிட்டா. "அப்ப இந்தத் தோள்பட்டை மாதிரி வர்ற எடத்துல நேராப் போனா கிடுகிடு பள்ளமுங்க, எடது பக்கம் திரும்போணும், அப்படித்தானுங்க்கா?"ன்னு விரல வச்சுக் காட்டுதா. பவளத்துக்கு இந்த எடம் புரிய மூணு வருசம் ஆச்சு. எனக்கும்தான், அத ஏன் மறைக்கணும்.

போகும்போது வாசல்ல நின்னு, "பவளக்கா எப்பவும் உங்களப் பத்தியேதான் பேசுவாங்க"ன்னா. ஐஸ் வைக்கா. என்கிட்ட நடக்காது.

ஜூன் 19, வியாழன்

ஊருக்குள்ள ஆத்தோரத்துல பஸ்ஸுல போகும்போது பாத்தேன். ரெண்டு பேரும் மெதுவா, ஊர்வலம் போற மாதிரி நடந்துக்கிட்டு வாராங்க. பவளம் ஒரு கைல மலைக்கம்ப ஊணிக்கிட்டு, இன்னொரு கைய அவ கைக்குள்ள கோத்துக்கிட்டு. கம்பு பிடிச்சு நடக்கப் பழகுதாளாம்! தார்ரோட்டுல! பதினோரு வருசத்துல என் கைய ஒரு தடவை கோத்திருப்பாளா?

பஸ்ஸுல பக்கத்துல இருந்த கெழவி என்னயப் பாத்து, உடம்புக்கு முடியலையாம்மான்னு கேட்டா. அவ்வளவுக்கு மூஞ்சி போயிருக்கு.

ஜூன் 24, செவ்வாய்

பைனாகுலர் வாங்கியிருக்கா பவளம். பறவை பாக்கப் போறாளாம். நீச்சல் கிளாஸ்லயும் சேந்தாச்சாம். எங்க ரெண்டு பேரு டூட்டியும் ஒத்து வரலையாம். யாரு கூட போறான்னு நான் எழுதவும் வேணுமா?

மத்தியானம் எக்ஸ்ரே பக்கம் ஒரு பேஷண்ட்டக் கொண்டு போனேன். பவளம் அங்க உள்ள இருந்து வெளிய வாரா. அவ வேலை பாக்குறது குழந்தைங்க வார்டுல. இங்க என்ன சோலின்னு கேட்டேன். "சும்மா, சிந்துவப் பாக்க வந்தேன்"ங்கா. சிந்துவாம், சிந்து! என்னய எல்லாரும் தையல்னு கூப்பிடும்போது இவ மட்டும் தையல்நாயகின்னு முழுசா நீட்டிக் கூப்பிடுவா, அவளச் சுருக்கிக் கூப்பிடுதா.

நான் பேஷண்ட்ட விட்டுட்டு வேகமா வந்துட்டேன். மூணாவது மாடிக்குப் படியேறி வரும்போது கண்ணு கலங்கிருச்சு. ஐம்பதத் தாண்டின பொம்பளைக்கு இது அசிங்கம்னு தெரியுது. தெரிஞ்சா நின்னுருமா?

ஜூன் 28, சனி

ஒரு வேலை பண்ணியிருக்கேன்.

மான் வேட்டை ஆரம்பிச்சுட்டா மலை மேல நடமாட்டம் வைக்கக் கூடாது. அதனால ஜூலைக்குள்ள போயிரணும். பவளத்துக்கும் எனக்கும் ஒண்ணா லீவு வாரது ஜூலைல ரெண்டு சனிக்கிழமைதான். பன்னெண்டு, பத்தொன்பது. எக்ஸ்ரேல வேலை பாக்குற மார்கரெட்டுகிட்ட பேச்சுவாக்குல கேட்டேன். சிந்துஜாவுக்குப் பத்தொன்பதாம் தேதி டூட்டியாம்.

பவளத்துக்கு போன் போட்டு, "பன்னெண்டாம் தேதி காத்து ரொம்ப அடிக்குமாம், பத்தொன்பதுதான் சரி"ன்னு சொல்லிட்டேன். பன்னெண்டாம் தேதி காத்து அடிக்குமா அடிக்காதான்னு இப்பவே யாருக்குத் தெரியும். அவளும் சரின்னுட்டா.

ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னைக்கு நல்லாச் சாப்பிட்டேன்.

ஜூலை 2, புதன்

"அன்னைக்குச் சிந்துவுக்கு டூட்டியாம்ட்டி. வேற நாளு பாப்போம்"னு பவளம்.

"ரெண்டு பேரும் போவோம். எப்பவும் போற மாதிரி"ன்னேன்.

"மூணு பேரா போறதுதான் நல்லது. வயசாகுதுல்ல. அம்புட்டுத் தூரத்துல ஒருத்திக்குக் காலு பிசகினா ஒருத்தி கூட நிக்கணும், ஒருத்தி ஆளக் கூப்பிட ஓடணும்."

"இத்தன வருசமா பிசகாத காலு இப்ப பிசகிருமாக்கும்?"

நான் விடல. "நேராக் கேக்கேன் பவளம். அவ வரலேன்னா நீ வரமாட்டியா?"

"வரமாட்டேன்."

ஜூலை 3, வியாழன்

வரமாட்டேன்னு சொன்னா.

ஜூலை 8, செவ்வாய்

அஞ்சு நாளா பேசல. வார்டுல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுதேன். முட்டி ஆபரேசன் பண்ணின ஒரு ரிட்டயர்டு வாத்தியார், வலிக்கிற கால்பக்கமே கம்பப் பிடிச்சுக்கிட்டு நொண்டுதாரு. எத்தன தடவை சொல்றது? "வலிக்கிற காலுக்கு எதிர்க்கைல பிடிங்க, எதிர்க்கைல!"ன்னு கத்திட்டேன். அவரு பயந்து போயி ரெண்டு கைலயும் மாத்தி மாத்திப் பிடிக்காரு. பெறகு மன்னிப்புக் கேட்டு, பிஸ்கட்டு குடுத்தேன்.

இவுக சொல்லுதாக, "போயிச் சமாதானம் பேசு. இல்லேன்னா நான் வேற ஊருக்கு வேலை மாத்திக்கிட்டுப் போயிருவேன், வீட்டுல இருக்க முடியல"ன்னு.

ஜூலை 10, வியாழன்

அந்தச் சிந்துஜா வார்டுக்கே வந்து நின்னா. டூட்டிய யார்கிட்டயோ மாத்திக்கிட்டாளாம். "பத்தொன்பதுக்கு நானும் வர்றேனுங்க்கா. பவளக்காகிட்ட பேசுங்க்கா. அவுங்க சரியாவே சாப்பிடறதில்லீங்க"ன்னா.

பவளம் சாப்பிடலங்கிறத இவ வந்து எனக்குச் சொல்லணும். ஆனாலும் சாயங்காலம் போனேன். பவளம் கதவத் தொறந்தா. உள்ள போயி என் நாற்காலில உக்காந்தேன். காப்பி போட்டுக் குடுத்தா. மேப்ப விரிச்சேன்.

ஜூலை 18, வெள்ளி

நாளைக்கு. எல்லாம் எடுத்து வச்சாச்சு. மழைக்கோட்டு, விசிலு, கட்டுத்துணி, டார்ச்சு. காத்து மிதமா இருக்குமாம், காலைல மேகம், மத்தியானம் வெளுக்குமாம். பொழுது விடியுமுன்ன காரு கெளம்பணும். ரெண்டு நாளா மழை பெய்யாததால ஆத்துல தண்ணி கம்மியா இருக்கும், கல்லு மேலயே தாண்டிரலாம். எங்க போறோம், எந்த வழி, எப்பத் திரும்புவோம்னு இவுககிட்ட சொல்லியாச்சு. இருட்டுறதுக்குள்ள போன் வரலேன்னா மலை மீட்பு ஆளுகளக் கூப்பிடணும். "கூப்பிட்டு என்ன சொல்லணும், மூணு பேரு சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காகன்னா?"ன்னு கேக்காக.

புளிச்சோறு கிண்டிட்டேன். மூணு பேருக்கும்தான். அவ என்னமும் கொண்டு வரட்டும், நான் கேக்கல.

ஜூலை 20, ஞாயிறு

நேத்து எழுத முடியல. கை, காலு, மனசு ஒண்ணும் ஏன்னு கேக்கல. இன்னைக்கு உக்காந்து எல்லாத்தையும் எழுதிரணும்.

ரோடு முடியுற எடத்துல ஆத்தோரமா புல்லுத்தரை. எதிர்ல மாமியா, வழக்கம் போல முக்காட்டோட. நான் பூட்ஸு மாட்டிக் கயிறு இறுக்குதேன். பவளம் கார விட்டு எறங்கல. கதவத் தொறந்து காலத் தொங்கப் போட்டுக்கிட்டு, "எனக்கு வயித்தக் கலக்குதுட்டி. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்"னா.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "இம்புட்டு தூரம் வந்துட்டா? நீ இல்லாம நான் எதுக்குப் போகணும்? வா, திரும்பிருவோம்."

"தையல்நாயகி." அவ குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. "எத்தன வருசமா பாத்துக்கிட்டு இருக்கோம். இந்த வருசமும் ஏறாமத் திரும்பினா என்னால தாங்க முடியாது. போயிட்டு வாட்டி. எனக்காகப் போ."

தன்னோட கம்பு ரெண்டையும் எடுத்துச் சிந்துஜா கைல குடுத்தா. கம்பும் அவளுக்குத்தான்.

நான் திரும்பிப் பாக்காம நடந்தேன். ஆத்த நானே முதல்ல தாண்டினேன். சேத்துல அவ பின்னால சளக்கு சளக்குன்னு வார சத்தம் கேக்குது. கை குடுக்கல. மேல போகப் போகப் பனி மாதிரி மேகம் எறங்கி, பத்தடிக்கு முன்னால ஒண்ணும் தெரியல. மனசுக்குள்ள பவளத்தோடயே சண்டை போட்டுக்கிட்டு விறுவிறுன்னு போறேன். சிந்துஜா பின்னால இருந்து, "அக்கா, நில்லுங்க! எடது பக்கமுங்க!"ன்னு கத்துதா.

"எனக்குத் தெரியும்"னேன்.

"அக்கா, தோள்பட்டைங்க. நேராப் போனாப் பள்ளமுங்க."

நின்னேன். காம்பஸ்ஸப் பாத்தேன். அவ சொன்னதுதான் சரி. இன்னும் கொஞ்சம் போயிருந்தா, எங்க வீட்டுல இவுக மீட்பு ஆளுகளக் கூப்பிட வேண்டியதாப் போயிருக்கும். நன்றின்னு சொல்ல வாய் வரல. எடது பக்கம் திரும்பி நடந்தேன். அதுக்குப் பெறகு கொஞ்சம் மெதுவாப் போனேன், அவ பக்கத்துலயே இருக்கணும்னு.

மேகத்துக்குள்ளயே உச்சி வந்துருச்சு. மாருயரத்துக்குக் கல்லுக் குமியல். நான் முந்தி. கைய நீட்டினேன், அப்புறம் பழக்கத்துல நின்னுட்டேன். இவளுக்காக நிக்கேனேன்னு எனக்கே எரிச்சல். சிந்துஜா தட்டுத் தடுமாறி வந்தா. மூஞ்சில ரத்தமே இல்ல. குமியல் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து, கோட்டுப் பைல இருந்து ஒரு கல்ல எடுத்தா. இன்வெர்னஸ் ஆத்தோரத்துல கெடக்குற மாதிரி வழுவழுப்பான கல்லு.

"பவளக்கா குடுத்து விட்டாங்க. 'இது என் கை. தையல்நாயகி கை வைக்கும்போது கூடவே இதையும் வெச்சுரு'ன்னாங்க."

எனக்கு ஒண்ணும் புரியல. காலைல திடீர்னு வயித்தக் கலக்குதுன்னவ இந்தக் கல்ல எப்ப எடுத்தா, எப்பக் குடுத்தா? வரப் போறதில்லன்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தாத்தானே?

அவ கல்ல வச்சா. நான் கைய வச்சேன். ஒரே நேரத்துல.

அப்பத்தான் கம்பப் பாத்தேன். சிந்துஜா ரெண்டு கம்பையும் தலைகீழா குமியல்ல சாத்தி வச்சிருந்தா. அடில மாட்டுற ரப்பர் ரெண்டும் என் கண்ணுக்கு நேரா. ஒண்ணு கடையில வாங்கின மாதிரியே புள்ளி புள்ளியா இருக்கு. இன்னொண்ணு ஒரு பக்கமா சாஞ்சு தேஞ்சு, உள்ள இருக்குற கம்பி எட்டிப் பாக்குது. எடது, வலதுன்னு எழுதியிருக்குற கைப்பட்டையப் பாத்தேன். தேஞ்சது எடது கைக் கம்பு.

எத்தன வருசமா இதே கத்தல் வார்டுல கத்துதேன். எதிர்க்கைல பிடிங்க, எதிர்க்கைல பிடிங்க.

"வலது முட்டி"ன்னேன்.

சிந்துஜா சட்டுனு தலையத் திருப்பிக்கிட்டா. "நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க்கா. யாருக்கு எக்ஸ்ரே படம் எடுத்தாலும் நாங்க வெளிய சொல்லக் கூடாதுங்க. வேலை போயிருமுங்க."

"நீ ஒண்ணும் சொல்லல. நான் உன்கிட்ட கேக்கவும் இல்ல."

மாடி ஏற முடியாமத்தான் கட்டில கீழ எறக்கியிருக்கா. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியாமத்தான் விசேச வீட்டுல நாற்காலி. அன்னைக்கு பஸ்ஸுல இருந்து பாக்கும்போது என் கண்ணு கோத்த கையிலேயே இருந்துச்சு, அவ எந்தக் காலத் தாங்கி நடக்கான்னு பாக்கல. நாளு முழுக்க முட்டி பாக்குறவ நான். என் வார்டு வாசல்ல நொண்டிக்கிட்டு வார முன்னபின்ன தெரியாத ஆளப் பாத்து, எந்தக் காலு, எத்தன மாசமான்னு சொல்லுவேன். பக்கத்துல இருக்குறவ காலு தெரியல. உக்காந்து அழுதேன். காத்து வேற, மூக்கு ஒழுகுது, துடைக்கத் துணி ஈரம்.

சிந்துஜா டப்பாவத் தொறந்து நீட்டினா. அரிசிம்பருப்புச் சாதம். நான் புளிச்சோத்தத் தொறந்தேன். மாத்திச் சாப்பிட்டோம். நல்லாத்தான் இருந்துச்சு, சனியன்.

"ஏம்மா, உனக்கு மலைன்னா அம்புட்டு ஆசையா?"ன்னு கேட்டேன்.

"இல்லீங்க்கா. எனக்கு உசரம்னாலே ஆகாதுங்க. பண்ணாரி பஸ்ஸுல திம்பம் மலை ஏறும்போதே கண்ண மூடிக்குவேனுங்க." டப்பாவ வழிச்சு மூடினா. "பவளக்கா கேட்டுக்கிட்டாங்க. நான் இல்லேன்னா தையல்நாயகி மலைக்கே போக மாட்டா, வீட்டுல மொடங்கிருவா, நீ அவ கூடப் பழகுன்னு. உங்களுக்கு என்னையப் புடிக்கலன்னு தெரியுமுங்க. ஆனா நீங்க மொறைச்சுக்கிட்டே முன்னால போனதுல, எனக்குப் பள்ளத்தப் பாக்க நேரமே இல்லீங்க்கா."

சிரிப்பு வந்துருச்சு. அழுகையோட சிரிக்கிறது மூச்சு முட்டும். அவளும் சிரிச்சா. அந்த நேரத்துல மேகம் விலகுச்சு. மாமியா முக்காட்ட எடுத்துட்டா. கீழ அம்புட்டு தூரத்துல ஆறு, ரோடு, எறும்பு மாதிரி எங்க காரு. நான் சிந்துஜா தோளப் பிடிச்சு நிறுத்தி, பயப்படாமப் பாருன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னோம்.

எறங்கும்போது தேஞ்ச கம்ப நான் வாங்கிக்கிட்டேன். வழி முழுக்கப் பவளத்த என்னென்ன திட்டணும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். கள்ளி, கல்லுளிமங்கி, என்னய நம்பாதவ. நாக்கு நுனில வரிசையா நிக்குது.

ஆத்துக்கு அந்தப் பக்கம் புல்லுல மடக்கு நாற்காலி போட்டு உக்காந்திருந்தா. எங்களப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தா. நாற்காலியப் பிடிச்சு, பல்லக் கடிச்சு, ஒரு தடவை தவறி, மறுபடி எந்திரிச்சா. இதத்தான் நான் இத்தன மாசமா பாக்கல. தண்ணிக்குள்ளயே எறங்கித் தாண்டிப் போனேன். போயி அவ முன்னால மண்டி போட்டு வலது முட்டில கைய வச்சேன். பேண்ட்டுக்கு மேலயே சூடு தெரியுது. வீங்கிக் கெடக்கு.

"எத்தன நாளா?"

பவளம் நிமிந்து சிந்துஜாவப் பாத்தா. "அவ வாயே தொறக்கல"ன்னேன். "எத்தன நாளாட்டி?"

"ரெண்டு வருசம். போன வருசம் ஏறின மலைல எறங்கும்போதே செத்துட்டேன். முன்னால போயிட்டே இருந்த, நீ பாக்கல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு என் பக்கத்துல உக்காந்து, எதிர்க்கைல கம்பப் பிடின்னு கத்துவ. மலைக்கே போக மாட்ட. எனக்குத் தெரியாதா உன்னய?" மூச்ச இழுத்து விட்டா. "அதான் உனக்கு ஒரு ஆளத் தேடினேன். கஷ்டப்பட்டுத் தேடினேன்ட்டி. எவளுக்கும் உன் வாயத் தாங்குற சக்தி இல்ல."

திட்டணும்னு வச்சிருந்ததெல்லாம் எங்க போச்சோ தெரியல. "உன்னால நான் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தேன். அந்தப் பிள்ளைய என்னென்ன நெனச்சேன் தெரியுமா? டூட்டி இருக்குற நாளாப் பாத்து நாள் குறிச்சேன்!"

"தெரியும். மார்கரெட் வந்து சொன்னா." சிந்துஜா பின்னால இருந்து களுக்குனு சிரிச்சா.

பவளம் சிரிக்கல. மறுபடி நாற்காலில உக்காந்து, கழுத்துல தொங்குன பைனாகுலரக் கழட்டி மடில வச்சுக்கிட்டு, மலையவே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் குனிஞ்சு என் காதோரமா, சிந்துஜாவுக்குக் கேக்காம மெதுவாச் சொன்னா.

"மேகம் விலகுச்சுல்ல, அப்ப இதுல பாத்தேன். உச்சில ரெண்டு புள்ளி. எது நீ, எது சிந்துன்னு தெரியல. ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. நாந்தான அனுப்பி வச்சேன்? ஆனா அதப் பாத்ததும் எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுதுட்டி. அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கவே கூடாதுன்னு தோணுச்சு. பைனாகுலரத் தூக்கி ஆத்துல எறியப் பாத்தேன்."

இந்த வருசத்துல யாரு சொன்ன எதுவும் எனக்கு இம்புட்டுச் சந்தோசத்தக் குடுக்கல. "நெசமாவா?"ன்னு கேட்டேன்.

"நெசமாத்தான்."

"இன்னொரு தடவை சொல்லு"ன்னேன்.